எதிர் மலையைப் பார்க்க ஸ்பாட்டிங் ஸ்கோப்: 65ஆ, 80ஆ? ட்ரைபாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

ஹட்டன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கையில் 8×42 பைனாகுலர் இருக்கு. கிட்டத்துக் குருவிகளுக்கு அது தாராளம். ஆனா இலங்கை மலைநாட்டில் நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ரோட்டோரமா நின்னு எதிர் மலையைப் பார்த்தா, பாறை மேல கிடக்கிறது சிறுத்தையா, காய்ஞ்ச மானாப்புல்லா, காத்துல வந்து விழுந்த உரச்சாக்கான்னே தெரியமாட்டேங்குது. தூரம் 600 மீற்றரிலிருந்து 1 கிலோமீற்றர் வரை இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் மரைகளையும் பார்க்கணும், பாறை இடுக்கில் உட்காரும் வல்லூறுகளையும் பார்க்கணும்.

அதுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ட்ரைபாட்டில் வைச்சு ஒரு கண்ணால பார்க்கிற தூரநோக்கி) வாங்கப்போறேன். கேள்வி இதுதான். 65 மி.மீ. வாங்கவா, 80 மி.மீ. வாங்கவா? நேர்க்குழலா, கண் வைக்கிற பக்கம் மேல்நோக்கிச் சாய்ஞ்ச சாய்வுக் குழலா? மூக்குக்கண்ணாடி போடுறவங்களுக்கு ஏதாவது விசேஷமாப் பார்க்கணுமா? பயணம் பஸ்ஸிலயும் கோச்சியிலயும் (ரயில்) தான், அதனால பாரமும் முக்கியம். போன்ல படம் எடுக்க முடிஞ்சா நல்லது. வேட்டைக்கு இல்ல, பார்க்க மட்டும்தான்.


கண்ணாடிக்காரன்:

தம்பி, முதல்ல பெட்டியில் இருக்கிற எண்ணைப் படிக்கிற விதத்தைச் சொல்றேன். 20-60×80ன்னா, 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை பெரிசாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 80 மி.மீ. கடைக்காரர் 60ஐத்தான் அழுத்திச் சொல்லுவார். நீங்க அந்த 60ஐ மறந்துடுங்க. மலைநாட்டில் அதைப் பயன்படுத்துற நாள் ரொம்பக் குறைவு.

1 கிலோமீற்றரில் நிற்கிற மிருகத்தை 20 மடங்கில் பார்த்தா, வெறுங்கண்ணால் 50 மீற்றரில் பார்க்கிற அளவு தெரியும். 60 மடங்கில் 17 மீற்றர் கணக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்தா வர்றதுதான் உங்க கண்ணுக்கு வந்து சேர்ற ஒளிவட்டத்தின் அளவு. 80ஐ 20ஆல் வகுத்தா 4 மி.மீ., 60ஆல் வகுத்தா 1.3 மி.மீ. மடங்கு மூணு பங்காகும்போது படத்தின் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காக் குறையுது. மேகம் மூடின காலை ஆறரை மணிக்கு 60 மடங்கில் வைச்சா, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒண்ணு ஆடுறதுதான் தெரியும்.

இனி உங்க சிறுத்தை. அதன் உடம்பில் இருக்கிற வளையப் புள்ளி ஒண்ணு 4 சென்ரிமீற்றர்னு வைச்சுக்குவோம். நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண் 800 மீற்றரில் பிரிச்சுப் பார்க்கக்கூடிய ஆகச் சின்னப் பொருள் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர். அப்போ 4 சென்ரிமீற்றர் புள்ளி இருக்குன்னு தெரியவே 6 மடங்கு வேணும். அது புள்ளிதான், நிழல் இல்லன்னு நிச்சயமாச் சொல்ல அதைப்போல நாலஞ்சு பங்கு, அதாவது 25 முதல் 30 மடங்கு. அதுக்கு மேல போறது ஆசைக்குத்தான். 8 மடங்குப் பைனாகுலரில் சாக்கா சிறுத்தையான்னு நீங்க தடுமாறுறதுக்கும் காரணம் இந்தக் கணக்கேதான். கையில் பிடிச்சிருக்கிற ஆட்டம் வேற அதோட சேருது.

பஸ், கோச்சி, மூக்குக்கண்ணாடி எல்லாத்தையும் வைச்சுப் பார்த்தா உங்களுக்கு 60-66 மி.மீ., சாய்வுக் குழல், ஈடி கண்ணாடி (ஓரத்தில் நிறம் பிரியுறதைக் குறைக்கிற வகை). 65 மி.மீ. ஸ்கோப் 1 முதல் 1.4 கிலோ வரை வரும். 80 மி.மீ. ஒண்ணரை கிலோவைத் தாண்டும், சிலது 2 கிலோ. அந்தப் பாரத்தைத் தாங்க ட்ரைபாட்டும் பெரிசாகணும். வித்தியாசம் அரைக் கிலோதானேன்னு நினைச்சா, பையில் அது ஒண்ணரைக் கிலோவாகும்.

ஈடி ஏன்? வெள்ளை மூட்டத்தைப் பின்னணியா வைச்சு ஒரு மந்தி கிளையில் உட்கார்ந்திருக்குன்னு வைங்க. சாதாரணக் கண்ணாடியில் அதன் முதுகு ஓரமா ஒரு பக்கம் ஊதாக் கோடும் மறுபக்கம் பச்சைக் கோடும் ஓடும். 20 மடங்கில் சின்னதாத் தெரியும், 40இல் அந்தக் கோடு மயிரையே தின்னுடும். நம்ம பக்கத்தில் பாதி நாள் வானம் வெள்ளையாத்தான் இருக்கு, அதனால இது சமவெளிக்காரங்களைவிட நமக்குத்தான் பெரிய குறை. பெட்டியில் எச்டின்னு இருக்கிறதைப் பார்த்து ஏமாறவேணாம், அது விளம்பரச் சொல்லாவும் ஓடுது. விபரத்தில் ஈடி அல்லது ஃபுளோரைட்னு எழுதியிருக்கணும். அதோட எல்லாக் கண்ணாடி முகத்திலும் பல அடுக்குப் பூச்சு, பேக்-4 வகைக் கண்ணாடியில் செய்த பிரிசம், நைதரசன் அல்லது ஆர்கன் நிரப்பிய நீர்காப்பு. இந்த மூணும் இல்லாததைத் தொடவேணாம்.

மூக்குக்கண்ணாடி விஷயம்: கண் வைக்கிற தூரம், அதாவது ஐ ரிலீஃப், ஆகக் குறைஞ்சது 15 மி.மீ., 17-18 இருந்தா நிம்மதி. ஸூம் கண்வில்லையில் மடங்கு மாறும்போது இந்தத் தூரமும் மாறும். விபரத்தில் ஒரே ஒரு எண் போட்டிருந்தா அது ஆக நல்ல எண்ணாத்தான் இருக்கும். கடையில் கண்ணாடியைப் போட்டபடியே, ரப்பர் கிண்ணத்தைக் கீழே இறக்கி வைச்சு, குறைஞ்ச மடங்கிலும் கூடின மடங்கிலும் வட்டத்தின் ஓரம் முழுசாத் தெரியுதான்னு பாருங்க. கறுப்பு வளையம் கண்ணைச் சுத்தி வந்தா அது உங்களுக்குச் சரிவராது.

மாதிரிக்குச் சில: செலஸ்ட்ரான் ரீகல் எம்2 65ஈடி 16-48×65. நடந்து போறதுக்கே வேணும்னா கோவா டிஎஸ்என்-501, 20-40×50, எடை 400 கிராம்தான், ஆனா அதில் ஈடி இல்ல. கோவா கம்பெனி சாமானில் இலக்கம் ஒற்றைப்படையில் முடிஞ்சா சாய்வு, இரட்டைப்படையில் முடிஞ்சா நேர், 501 சாய்வு, 502 நேர். இணையத்தில் வாங்கும்போது இந்த ஒரு இலக்கத்தில்தான் நிறையப் பேர் தவறா ஓடர் போடுறாங்க. மேல்தட்டில் ஸ்வரோவ்ஸ்கி ஏடிஎக்ஸ், ஃபுளோரைட் வைச்ச கோவா டிஎஸ்என்-883. பார்த்துப் பெருமூச்சு விட அதுவும் தெரிஞ்சிருக்கட்டும்.


மூணுகால்:

அண்ணன் கண்ணாடியைச் சொல்லிட்டார். இனிக் காலைப் பார்ப்போம். மொத்தக் காசில் மூணில் ஒரு பங்கை ட்ரைபாட்டுக்கும் தலைக்கும் ஒதுக்குங்க. நல்ல ஸ்கோப்பைக் கலியாண வீட்டுக் கமராக்காரர் தூக்கிப்போட்ட பிளாஸ்ரிக் ட்ரைபாட்டில் வைச்சா, 30 மடங்கில் மரை நிற்கிற இடத்தில் நடனம் ஆடும்.

வாங்கும்போது கவனிக்க: காலில் மூணு துண்டு இருக்கிறது நாலு துண்டை விட விறைப்பு. ஆனா மடிச்சா நீளம் கூட, பஸ்ஸில் இடிக்கும். பஸ் பயணத்துக்கு நாலு துண்டுன்னா, கடைசி மெல்லிய துண்டை இழுக்காம நிற்கிற உயரம் வரணும். சாய்வுக் குழலின் லாபம் இங்கதான். கண்ணைக் குனிஞ்சு வைக்கிறதால ட்ரைபாட் நெஞ்சுயரம் வந்தாலே போதும், நேர்க்குழலுக்குக் கண்ணுயரம் வேணும். உயரம் குறையக் குறைய ஆட்டமும் குறையும். பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளையும் பெரியவரும் காலைக் கூட்டிக் குறைக்காமலே பார்க்கலாம்.

நடுத்தண்டை உயர்த்தவே வேணாம். உயர்த்தினா மூணு கால் ட்ரைபாட் ஒத்தைக்கால் ஆகிடும்.

தலை ஃபுளூயிட் தலையா, அதாவது வீடியோத் தலையா இருக்கட்டும். பந்துத்தலை படம் எடுக்கிறவங்களுக்கு. அதில் ஸ்கோப்பை வைச்சுப் பூட்டை இளக்கினதும் மூக்கு கீழே சாயும், கையைப் பின்னால் எடுத்தா இன்னும் கொஞ்சம் சாயும், நீங்க பிடிச்ச மிருகம் வட்டத்துக்கு வெளியில் போயிரும். வீடியோத் தலையில் இறுக்கத்தை வைச்சுட்டு கைப்பிடியை விட்டா நிற்கிற இடத்தில் நிற்கும். தலையின் தாங்கும் எடை ஸ்கோப்பைப் போல ரெண்டு பங்காவது இருக்கணும்.

சரிவில் நிறுத்துற முறை: தேயிலை மலையில் சமதரை கிடைக்காது, ரோட்டோர வடிகால், அதாவது கானுக்குப் பக்கம்தான் கிடைக்கும். ரெண்டு கால் பள்ளப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். மேட்டுக் காலைக் குறைச்சு, நடுத்தண்டு செங்குத்தா வர்ற வரைக்கும் சரிபண்ணுங்க. ஒரு காலைப் பள்ளத்துக்கு நீட்டினா, காத்து ஒண்ணு அடிச்சாலே எல்லாம் சேர்ந்து கான்ல போய் விழும். நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடுங்க, ஆனா பை நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். முழுசாத் தொங்கினா பையே ஊஞ்சலாடி ஸ்கோப்பை ஆட்டும். ஹோர்ட்டனில் இருக்கிற உலக முடிவு மாதிரிக் காத்து வீசுற இடத்தில் காலை இழுக்காமலே வைச்சுட்டு, நீங்க உட்கார்ந்துடுங்க. அது ஒண்ணுதான் அங்க வேலை செய்யும்.

கண்டுபிடிக்கிற வித்தை: சாய்வுக் குழலில் புதுசா வர்றவங்க திணர்றது இலக்கை வட்டத்துக்குள்ள கொண்டுவரத்தான். 20 மடங்கில் 1 கிலோமீற்றருக்கு வட்டத்தின் அகலம் ஏறக்குறைய 35-40 மீற்றர், 60இல் அதில் பாதிதான். முதல்ல பைனாகுலரால தேடி ஓர் அடையாளம் பிடிங்க. பட்ட மரம், மலை நம்பர்ப் பலகை (தேயிலைத் துண்டின் இலக்கம் எழுதினது), கவ்வாத்து வெட்டின மலைக்கும் வெட்டாத மலைக்கும் இடையில் ஓடுற கோடு, இப்படி ஏதாவது. பிறகு ஸ்கோப்பை ஆகக் குறைஞ்ச மடங்கில் வைச்சு அந்த அடையாளத்துக்கு வந்து, அங்கிருந்து நகர்ந்து போங்க. பிடிச்சதுக்கு அப்புறம்தான் மடங்கைக் கூட்டணும். முன்னால இருக்கிற வெயில்மூடியில் ஒரு கேபிள் டையைச் சுத்தி, அதன் வாலை ஒரு சென்ரிமீற்றர் மேல நீட்டி விட்டா துப்பாக்கிக் குறி மாதிரி உதவும். தூரத்தில் ஒரு கோவில் கோபுரத்தை வட்டத்தின் நடுவில் வைச்சுட்டு, அந்த வால் கோபுரத்துக்கு நேரா வர்ற மாதிரி டையைத் திருப்பிக்கிட்டாச் சரி.


ஊவாக்காத்து:

65தான்னு ஒரேயடியா முடிச்சிடாதீங்க. ஒரே மடங்கில் வைச்சா, 80 மி.மீ. 65ஐ விட ஒண்ணரைப் பங்கு வெளிச்சம் பிடிக்கும். நம்ம மிருகங்கள் எப்போ வெளியில் வருது? விடியுறதுக்கு முன்னாலும் பொழுது சாயும்போதும். ஹோர்ட்டனில் அரெங்கா பார்க்கணும்னா விடிகாலை இருட்டோட ஓடைக்கரையில் நிற்கணும், அந்தக் கருநீலக் குருவி ஈரப் பாறை மேல நிற்கும்போது நிழலும் அதுவும் ஒண்ணு. அந்தப் பதினைஞ்சு நிமிஷத்தில் 80 காட்டுறதை 65 காட்டாது. வான் (வேன்) இருக்கிறவங்க, ஒரே இடத்தில் நின்னு பார்க்கிறவங்க 80-85 வாங்கினாத் தப்பில்ல.

இன்னொண்ணு, பருவத்தைப் பார்த்து இடத்தை எடுங்க. மே முதல் செப்ரெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழை, எதிர் மலை இருக்கிறதே தெரியாது. அந்த நேரம் எங்க பக்கம், பண்டாரவளை, அப்புத்தளை வறண்டு கிடக்கும், ஆனா காத்து ட்ரைபாட்டைத் தூக்கும். உங்க பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பொன்னான நேரம். ஹோர்ட்டன் போனா ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போதே நிற்கணும். ஒன்பது, பத்துக்கெல்லாம் உலக முடிவுப் பக்கம் மூட்டம் ஏறிடும், அப்புறம் எந்த ஈடியும் மேகத்தைத் துளைக்காது.


கண்ணாடிக்காரன்:

ஊவா அண்ணே சொல்றது சரி, வான் உள்ளவருக்கு. தம்பி கோச்சியில் போறார். வீட்டில் வைச்சுட்டுப் போற 80ஐ விட தோளில் கிடக்கிற 65 மேல்.

மூட்டத்தை விட மோசமான இன்னொரு எதிரி வெயில். ஒன்பதரைக்கு மேல தேயிலைச் சரிவும் தார் ரோட்டும் சூடாகி, காத்து அலையாடத் தொடங்கும். அப்போ மடங்கைக் கூட்டினா படம் கொதிக்கிற தண்ணிக்கு அடியில் கிடக்கிற மாதிரி நெளியும். ஸ்கோப் பழுதுன்னு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோற ஆட்கள் உண்டு, பழுது ஸ்கோப்பில் இல்ல, காத்தில். 25க்கு இறக்கிப் பாருங்க, நல்ல பாதி திரும்ப வரும். வீட்டு ஜன்னலைத் திறந்து உள்ளே இருந்து பார்க்கிறதும், இஞ்சின் சூடா இருக்கிற வானுக்கு மேலால பார்க்கிறதும் இதே கதைதான், உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாத்தான் வெளியில் போகுது. மூடின ஜன்னல் கண்ணாடியோ அதைவிட மோசம், அது வில்லை மாதிரித் துல்லியமாச் செய்தது இல்ல.


பனிமூட்டம்:

ஈரத்தைப் பத்தி யாரும் இன்னும் பேசல்ல. நுவரெலியாவில் ஸ்கோப் சாகிறது விழுந்து இல்ல, பூஞ்சணம் பிடிச்சு.

நைதரசன் நிரப்பினதுன்னா உள்ளுக்குள்ள மூட்டம் வராது, அவ்வளவுதான். வெளிக்கண்ணாடியில் வரும், கண்வில்லையில் உங்க மூச்சாலயே வரும். குளிரில் மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகுங்க. கம்பளிச் சால்வையால மூக்கை மூடிக்கிட்டா மூச்சு மேல் நோக்கி வந்து நேரா கண்வில்லையில்தான் படும், அதைச் செய்யாதீங்க. வெளியில் குளிர்ந்த ஸ்கோப்பை அடுப்பு எரியிற வீட்டுக்குள்ள அப்படியே கொண்டுவந்து பையைத் திறந்தா, நிமிஷத்தில் கண்ணாடி வேர்த்துடும். பையை மூடினபடியே அரை மணிநேரம் வைச்சுட்டுத் திறங்க. போகும்போது எதிர்மாதிரி: சூடான அறையிலிருந்து வெளியில் எடுத்தா, குழலுக்குள்ள இருக்கிற காத்து குளிர்ற வரைக்கும் 15-20 நிமிஷம் படம் மங்கலாத்தான் இருக்கும். தேத்தண்ணி குடிச்சு முடிங்க, சரியாகிடும்.

வைக்கிற இடம்: துணிப்பையிலோ அலுமாரியிலோ இல்ல. பையே ஈரத்தைக் குடிச்சு வைச்சிருக்கும். ரப்பர் விளிம்பு வைச்ச காத்துப்புகாப் பெட்டி, 20 லீற்றர் போதும், உள்ளே 200-300 கிராம் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கணும். 60க்கு மேல போய் நாட்கணக்காக் கிடந்தா பூஞ்சணம் தொடங்கும். 30க்குக் கீழே இறக்கினா குவியச் சக்கரத்தின் கிறீஸ் இறுகும், அதுவும் நல்லதில்ல. சிலிக்கா கரும்பச்சையானதும் கேக் சுடுற அவனில் 120 பாகையில் ரெண்டு மணிநேரம், அவன் இல்லாட்டி தாச்சியில் ஆக மெல்லிய நெருப்பில் வறுத்தா திரும்பவும் செம்மஞ்சள் ஆகும். கறுத்துப் போனா கூடச் சூடாக்கிட்டீங்கன்னு அர்த்தம், தூக்கிப்போட வேண்டியதுதான். பூச்சி உருண்டையைப் பெட்டியில் போடாதீங்க, அது ஆவியாகிக் கண்ணாடியில் படிஞ்சிரும்.

துடைக்கிற ஒழுங்கு: முதல்ல ஊதுகுமிழ், ரெண்டாவது மெல்லிய தூரிகை, கடைசியாத்தான் துணி. துணியில் வில்லைத் திரவத்தை ஒரு துளி விட்டு, நடுவிலிருந்து வெளியில் சுத்திச் சுத்தி. சேட்டு நுனியால துடைக்கிறவங்க பூச்சைத் துடைச்சு எடுக்கிறாங்க.

மழைக்குப் பொலித்தீன் உறை வைச்சுக்கிட்டு ஹோர்ட்டன் போகாதீங்க, வாசல்ல பையைச் சோதிச்சு பொலித்தீனை எடுத்துடுவாங்க. தைச்ச நீர்காப்புத் துணி உறை ஒண்ணு வாங்குங்க, ஸ்கோப்பில் மாட்டினபடியே பார்க்கக்கூடிய மாதிரி முன்னும் பின்னும் திறக்கிறது.


ஹட்டன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. மூணு விஷயம் கேட்கணும். ஒண்ணு, பழைய 80 மி.மீ. ஒண்ணு விலைக்கு வருது, பார்க்கும்போது என்ன கவனிக்கணும்? ரெண்டு, இணையத்தில் 10-300×40ன்னு ஒரு கைக்குழல் விளம்பரம், விலை வெறும் சில ஆயிரம். மூணு, துப்பாக்கியில் வைக்கிற ஸ்கோப்பே மலிவாக் கிடைக்கும், அதை ட்ரைபாட்டில் கட்டிக்கோன்னு ஒருத்தர் சொல்றார்.


கண்ணாடிக்காரன்:

ரெண்டாவதை முதல்ல முடிச்சிடுவோம். 40ஐ 300ஆல் வகுங்க. 0.13 மி.மீ. ஊசித் துளையை விடச் சின்ன ஒளி. அப்படி ஒரு சாமானை யாராலும் பயன்படுத்த முடியாது, அதனால அது 300 மடங்கும் இல்ல. அனேகமா 8 அல்லது 10 மடங்குக் குழல்தான். விட்டுத்தள்ளுங்க.

மூணாவது, வேட்டை ஸ்கோப். அதன் மடங்கு பெரும்பாலும் 3-9 அல்லது 4-12. உள்ளே குறிக்கோடு வேற இருக்கும், கண்ணைச் சரியா ஒரே தூரத்தில் ஒரே கோட்டில் வைக்கணும், அது துப்பாக்கியின் பின்னுதைக்காகச் செய்த ஏற்பாடு. உங்க 8×42 அதைவிட நல்லாக் காட்டும். குறிக்கோடு வைச்ச குழாயோட காட்டோரம் நின்னா, வனஜீவி ஆட்களுக்கு விளக்கம் சொல்லியே பொழுது போயிரும்.

இனிப் பழைய 80. இருட்டுக்குள்ள டோர்ச்சை முன்கண்ணாடிக்குள்ள சாய்வா அடிச்சு, மறுபக்கமும் மாத்தி அடிச்சுப் பாருங்க. சிலந்தி நூல் மாதிரிக் கிளைவிட்டு ஓடினா அது பூஞ்சணம், வாங்காதீங்க. தனித்தனியாத் தூசு நாலஞ்சு இருந்தாக் கவலையில்ல. ஓரத்தில் வானவில் நிறத்தில் எண்ணெய்த் திட்டு மாதிரி இருந்தா ஒட்டின வில்லைகள் பிரிஞ்சு வருது. மெதுவா ஆட்டிப் பாருங்க, உள்ளே டக்டக்னா பிரிசம் கழண்டிருக்கு.

பிறகு வெளியில் கொண்டுவாங்க. கடைக்குள்ள நின்னு கண்ணாடி வழியா எதிர்க்கடைப் பலகையைப் பார்க்கிறது சோதனை இல்ல. தூரத்து ரெலிபோன் கோபுரத்தின் கம்பியை வெள்ளை வானத்தில் வைச்சு 40 மடங்கில் பாருங்க, நிறக்கோடு எவ்வளவுன்னு தெரியும். குவியச் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பும்போது, ஒரே ஓர் இடத்தில் படம் சட்டுன்னு பளிச்சிடணும். எந்த இடம் சரின்னு தேடிக்கிட்டே இருக்க வேண்டி வந்தா கண்ணாடி சரியில்ல. தூரத்தில் மின்னுற ஒரு புள்ளி, மின்கம்பத்தின் பீங்கான் மேல படுற வெயில் போதும், அதைக் குவியத்துக்கு முன்னால ஒருமுறை, பின்னால ஒருமுறை கலைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் வட்டமா விரியணும். ஒரு பக்கம் நெடுக்கா, மறுபக்கம் குறுக்கா நீளுற முட்டையா விரிஞ்சா, முதல்ல மூக்குக்கண்ணாடியைப் போட்டபடிதான் பார்த்தீங்களான்னு சரிபாருங்க, பிறகு தலையைச் சாய்ச்சுப் பாருங்க. முட்டை உங்க தலையோட சேர்ந்து திரும்பினா குறை கண்ணில், திரும்பாம நின்னா குழலில். கடைசியா 20இலிருந்து 60க்குத் திருப்புங்க, குவியம் கொஞ்சம் விலகலாம், நிறைய விலகக்கூடாது.

போன் படம்: கண்வில்லையில் மாட்டுற பிடி வாங்கும்போது உங்க கண்வில்லையின் வெளிவிட்டத்தை அளந்து வாங்குங்க. ஸ்கோப்பை 20-25இல் வைச்சு, போனில் பிரதான கமராவைத் தெரிவுசெய்யுங்க, அகலக் கமரா இல்ல. கறுப்பு வட்டம் வந்தா போனில் ஒண்ணரை, ரெண்டுக்கு இழுங்க. விரலால தொட்டு எடுத்தா ஆடும், 3 செக்கன் ரைமர் அல்லது புளூரூத் பொத்தான். வெள்ளை வானம் பின்னால இருந்தா மிருகத்தின் மேல விரலை வைச்சு ஒளியைப் பூட்டிடுங்க. இல்லாட்டி கருங்கழுகு வெறும் கரியாத்தான் வரும்.


கொழுந்துமலை:

தம்பிமாருக்கு ஒரு விஷயம். எதிர் மலைன்னு நீங்க சொல்ற இடத்தில் லயமும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருக்கு, கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களும் இருக்காங்க. ரோட்டில் நின்னு குழாய் வைச்சு ஒருத்தன் தங்களையே பார்க்கிறான்னு அவங்க நினைச்சா அது நியாயம்தான். டிவிஷன் ஒஃபிஸிலயோ கணக்கப்பிள்ளைகிட்டயோ முன்கூட்டியே சொல்லிட்டு நில்லுங்க. கொழுந்து நிறுக்க வர்ற நேரம் யாராவது கேட்டா அவங்களையும் ஒருமுறை பார்க்கவிடுங்க. அப்புறம் சிறுத்தை எந்தப் பாறையில் வெயில் காயுதுன்னு அவங்களே வந்து சொல்லுவாங்க, அவங்களுக்குத் தெரியாத பாறையா.

பார்த்த இடத்தை அன்னைக்கே பேஸ்புக்கில் போடாதீங்க. 2020 மே மாசம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டி, பிறகு செத்துப்போச்சு. பன்றிக்கு வைக்கிற கண்ணிதான் இது. ஸ்கோப்பில் மிருகம் ஒரே இடத்தில் சுத்திச் சுத்தி இழுபடுறதைக் கண்டா கிட்டப் போகாம 1992க்குப் போன் அடிங்க, வனஜீவித் திணைக்களம். மலை நம்பரைச் சொன்னா இடம் பிடிக்கச் சுகம்.


ஹட்டன்வாசி:

சரி அக்கா, அப்படியே செய்றேன். பழைய 80ஐ டோர்ச் அடிச்சுப் பார்த்தேன், நூல் ஓடுது. விட்டுட்டேன். 65ஈடி சாய்வுதான். மூணுகால் அண்ணே, தலையில் இருக்கிற தட்டும் ஸ்கோப்பின் அடியும் பொருந்துமா, வேற ஏதாவது வாங்கணுமா?


மூணுகால்:

ஸ்கோப்பின் காலில் பெரும்பாலும் கால் அங்குலத் துளை இருக்கும், சிலதில் எட்டில் மூணு அங்குலம். தட்டின் திருகாணி அதுக்கு ஏத்ததா இருக்கணும், மாத்துறதுக்கு ஒரு சின்ன வளையம் கிடைக்கும். ஒற்றைத் திருகாணி மட்டும்னா ஸ்கோப் மெதுவாச் சுழலும். அதனால பக்கத்தில் சுழலாம இருக்க ஒரு சின்ன முளை நிற்கிற வீடியோத் தட்டா வாங்குங்க, ஸ்கோப்பின் காலில் அந்த முளைக்கும் ஒரு குழி இருக்கான்னு பாருங்க. திருகாணி துளையின் ஆழத்தை விட நீளமா இருந்தா தட்டு இறுகின மாதிரித் தெரியும், ஆனா ஆடும். இடையில் ஒரு மெல்லிய தோல் வட்டம் வைச்சாச் சரி. தட்டு நீளமா, 8-10 சென்ரிமீற்றர் இருக்கட்டும், போன் மாட்டும்போது பின்பக்கம் பாரமாகும், அப்போ தட்டை முன்னுக்குத் தள்ளிச் சமன் பார்க்கலாம். கைப்பிடியை விட்டுட்டு ஸ்கோப் மூக்கு மேலும் போகாம கீழும் போகாம நிற்கிற இடத்தில், தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பேனாவால ஒரு கோடு போட்டு வைச்சுக்கோங்க. போன் உள்ளதுக்கு ஒண்ணு, இல்லாததுக்கு ஒண்ணு.